வெளியீட்டுக்கு முந்தின இரவு

ஓசூர், பாகலூர் சாலை,
இரும்புக் கடைக்கு மேல்மாடி.
அறுபது நாற்காலி, இருபத்தேழு பேர்.
ஒரே மைக், அதுவும்
இம்தியாஸின் மச்சானுடையது.

ஹெட்போனில் இப்போது எல்லாமே கேட்கிறது:
சிப்காட் இரண்டாம் ஷிஃப்ட் பஸ்,
சமோசாத் தாளைக் கசக்கும் யாரோ,
சாக்ஸை வாயில் வைக்குமுன்
ஜெசிந்தா எச்சில் விழுங்குவது.

மூன்றாவது டிராக், காளான் காட்டு லெவல்.
எட்டு பிட்டில் பிறந்த மெட்டை
மாதேஷ் பிரஷ்ஷால் வருடி வருடி
எங்கேயோ கூட்டிப்போகிறான்.
கீபோர்டில் என் விரலுக்கே வழி தெரியவில்லை.
சட்டென்று நிறுத்துகிறான்.

அந்த அரை நொடிக்குள்
பின்னாலிருந்து ஒரு குரல்:
"குதிடா!"

பள்ளம் அங்கேதான் இருந்தது.
ஏழாம் வகுப்பு லீவு முழுக்க
நான் விழுந்து விழுந்து செத்த
அதே பள்ளம்.

இருமலை வெட்டினேன்.
பஸ்ஸை வெட்டினேன், பாதி ஹாரன் மிச்சம்.
இதை வெட்டட்டுமா என்று
ஜெசிந்தாவுக்குப் போட்டுக் காட்டினேன்.
"தாண்டிட்டோம்ல, விடு" என்றாள்.

விடிந்தால் வெளியீடு.
விவரக் குறிப்பு அடிக்கிறேன்:
சாக்ஸ், ஜெசிந்தா.
பேஸ், இம்தியாஸ்.
டிரம்ஸ், மாதேஷ். கீபோர்ட், நான்.
குதிடா,
பெயர் தெரியவில்லை.
கடைசி வரிசை, சுவரோரம்.