மூன்றேகால்

கொக்கிரகுளம் கருவூலத்தில்
ஓய்வூதியப் பிரிவு, ஜன்னலை ஒட்டிய மேசை.
மதியம் மூன்றேகாலுக்கு
ஆற்றுக் காற்று ஜன்னல் வழியே ஏறி வந்து
என் இமைமேல் உட்காரும்.
பக்கத்து மேசைப் பீர்முகைதீன்
"லீதியாள் மேடம் ஜெபத்துல இருக்காவ" என்பார்.
எல்லாரும் சிரிப்பார்கள், நானும்.

அப்படி ஒரு மூன்றேகாலில்தான்
ஒரு பூச்சியத்தைத் தொலைத்தேன்.
நிலுவை முப்பதாயிரம் மூவாயிரமாகி
ஒருத்தியின் பாஸ்புக்கில் போய் விழுந்தது.
சேரன்மகாதேவியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தாள்.
திட்டவில்லை.
"கம்மியா விழுந்திருக்கு,
நான்தான் சரியாப் பாக்கலியோ என்னமோ" என்று
பாஸ்புக்கை என் பக்கம் திருப்பினாள்.
அன்றைக்கு மூன்று டீ குடித்தேன்.
மூன்றும் தூக்கத்தோடு கூட்டுச் சேர்ந்துகொண்டன.

மறுநாள் வெள்ளன, தட்டட்டியில்,
துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்தேன்.
நாற்பத்து நாலு வயது.
பதினொன்று தாண்டினேன்.
பன்னிரண்டாவதில் கயிறு நைட்டியில் சிக்க,
தண்ணீர்த் தொட்டியைப் பிடித்து நின்றபோது
வண்ணார்பேட்டை பஸ் அத்தனையும்
என் நெஞ்சுக்குள் ஹாரன் அடித்தன.

கீழ்வீட்டு ஆவுடையக்கா
விளக்குமாற்றுக் கட்டையால் உள்ளிருந்து இடித்தாள்.
"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா?
தோச மாவுல சுண்ணாம்பு உதிருது!"
சாக்கு விரித்துத் தாண்டினேன். வழுக்கியது.
சாக்குக்கு மேல் பழைய கால்மிதியடி.
பங்குனி முழுக்க முழங்கால் வலி.
நடுவே ஒன்பது நாள் தாண்டவே இல்லை,
அதை யாரிடமும் சொல்லவில்லை.
பிறகு எண்பது.
பிறகு ஒருநாள் எண்ண மறந்துவிட்டேன்.
கயிற்றைத் திரும்பக் கட்டி,
ஈரத்துணியை விரித்துவிட்டு
வேலைக்குப் போவேன்.

எந்த நாளில் என்று தெரியாது.
பேனாவை வைத்து நிமிர்ந்தால் மணி நாலு.
மூன்றேகால்
என்னிடம் சொல்லாமலே போயிருந்தது.
டீ ஆடை கட்டிக் கிடந்தது.
கோப்பின் ஏழாம் பக்கத்தில்
ஒரு தலையாரியின் பிறந்த வருஷம்,
கடைசி எழுத்து மூன்றா எட்டா.
முன்பென்றால் எட்டு என்றே விட்டிருப்பேன்.
பதிவறை ஏணியில் ஏறி
மேல்தட்டுப் பணிப்பதிவேட்டைத் தூசியோடு இறக்கினேன்.
மூன்று.
எண்பதைத் தாண்டிய மனிதர்,
கூடுதல் தொகை இன்னும் பாக்கி.
இறங்கி வந்து நின்றேன்,
மூச்சு வாங்கவில்லை.
தலையாரியை விட எனக்குத்தான் அதில் சந்தோஷம்.

கண்காணிப்பாளர் பார்த்துவிட்டார்.
சுரண்டைக் கட்டுகளும் என் மேசைக்கு வந்தன.
"நீங்கதான துறுதுறுன்னு இருக்கிய."
"ஓடுத மாட்டத்தான் அடிப்பானுவ மேடம்,
நாளையிலருந்து மறுபடி ஜெபம் பண்ணுங்க"
என்றார் பீர்முகைதீன், தலை நிமிராமல்.

கட்டுகளில் பாதியை வைத்துக்கொண்டேன்.
மீதியைச் சுமந்துபோய்
அவர் மேசையிலேயே இறக்கினேன்.
கை நடுங்கவில்லை.
விடியலில் என் தட்டட்டியில் நான் சேர்த்ததை
முழுசாக அரசாங்கத் தலைப்பில்
வரவு வைக்க முடியாது.

வெயில் சாயும் நேரம்,
பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானம்.
வளையப்பந்து ஆடும் பிள்ளைகள்.
ஒருத்தி இன்று வரவில்லையாம்.
"ஆன்ட்டி, வாரியளா?"
செருப்பைக் கழற்றிவிட்டு
சேலையை இழுத்துச் செருகி நின்றேன்.
வலைக்கு மேலே
செம்மண் நிறத்தில் சுழன்றபடி
வருகிறது
ஒரு பூச்சியம்.