எல் ஆறு

கல்லைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்,
டேங்கர் தண்ணீரில், பாத்திரச் சோப்புப் போட்டு.
"அழுக்கோட எப்படி மேடம் ஆபீசுக்குக் கொண்டாரது?"
இரும்பு கலந்த கல் அண்ணே, தண்ணீரே ஆகாது என்றேன்.
தண்ணீர் ஓட்டிப் பிழைக்கிற மனுஷன்,
முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ஹைமாவுக்குத் தெற்கே சாலை போட்ட காலத்தில்
வெள்ளைப் பொட்டலில் ஒற்றைக் கறுப்பாகக் கிடந்ததாம்.
ஒட்டகப் புழுக்கை என்று காலால் தள்ள
கால் வலித்ததாம்.
பிறகு நாலு வருடம் கட்டிலுக்கடியில்,
டிரங்குப் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே.

எங்களுக்குப் பழக்கம் எண்ணெய்க் கிணற்றுக் கல்தான்.
ரூசைல், இரண்டாம் மாடி, ஓயாத ஏசி.
பத்ரியா மேடம் வாசலிலேயே சொல்லிவிட்டார்:
விற்கக் கூடாது, நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது,
என்ன கல் என்று வேண்டுமானால் பார்க்கலாம்.
ஞானதிரவியம் தலையாட்டினார்,
பேரில் இருக்கிற திரவியமே போதும் என்பதுபோல்.

ஆல்கஹால் விட்டு அறுத்தேன்.
முப்பது மைக்ரான். தலைமயிரில் பாதி கனம்கூட இல்லை.
அதுவரை தேய்த்தால்தான்
கல் வெளிச்சத்தை உள்ளே விடும்.

குறுக்கு ஒளியில் ஆலிவின் விழித்தது.
வருடத்துக்கு இரண்டே மழை பெய்கிற இந்த ஊரில்
மழை விட்டதும் பெட்ரோல் பங்க் தரையில் ஓடுமே
அந்த நீலம், அந்த ரோஜா, அந்தப் பச்சை.
பைராக்சீன் அடக்கமாகச் சாம்பல், எங்கோ ஒரு மஞ்சள்.
நடுநடுவே ஒளியே புகாத உலோகம்,
அதன் ஓரமெல்லாம் துரு.
உருண்டைகளைத் தேடினேன்.
குழைந்த கஞ்சியில் பருக்கையைத் தேடுகிற மாதிரி:
இருந்தன, விளிம்புதான் இல்லை.
எங்கேயோ நன்றாக வெந்திருக்கிறது.

ஆலிவினில் இரும்பின் பங்கு
இருபத்து நாலு புள்ளி ஆறு.
இருபதுக்குள் இருந்தால் ஹெச்.
இருபத்தேழைத் தாண்டினால் எல்எல்.
இது எல். வெந்த பதம் ஆறு. துரு மூன்று.
"சாதாரண வகை" என்றார் பத்ரியா.
குறையாகச் சொல்லவில்லை,
அந்த வகைக்குப் பெயரே அப்படி.

என் ரெசிடென்ஸ் அட்டையில் 'தையல்காரி' என்றிருக்கிறது.
ஊசியில் நூல் கோத்து எத்தனையோ காலம்.
அவர் அட்டையில் ஆடு மேய்ப்பவர்.
இந்தக் கல்லை மட்டும்
நூறு இடத்தில் எலெக்ட்ரானால் குத்திக் கேட்டேன்,
நூறிலும் ஒரே பதில்.

"அப்ப விலை?"
"கிடையாதுண்ணே."
"வயசாவது?"
"நானூற்று ஐம்பத்தாறு கோடி."
"ரூபாயா?" என்று கேட்டுவிட்டு
அவரே முதலில் சிரித்தார்.

பிறகு ஒரு கண்ணை மூடி
மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.
தட்டைச் சுழற்றச் சொன்னேன்.
ஒவ்வொரு பருக்கையும் ஒரு சுற்றில் நாலு தரம் இருளும்.
இது ஒரேயடியாக அணையாமல்
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நிழல் நடந்தது.
எப்போதோ வாங்கிய அடி அது.
நான் அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.
இன்னொரு சுற்று சுற்றினார்.
இன்னொன்று.

போன் அடித்தது. ஏதோ ஒரு வில்லாவில் தொட்டி காலி.

கண்டெடுத்தவர் என்ற கட்டத்தில்
இனிஷியலாகக் குறுக்காமல்
முழுப் பெயரை எழுதினேன்,
எழுத்தெழுத்தாகக் கேட்டு.

ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
டேங்கர் போன இடத்தில்
குழாய் கசிந்த தண்ணீர்,
அதன்மேல் கொஞ்சம் டீசல்.
நீலம். ரோஜா. பச்சை.
வெயில் அதை எடுத்துக்கொள்ளும்வரை
ஏழெட்டு நிமிடம்.