நெறி

ஊட்ரமில் இரண்டாம் மாடி. வரிசை எண் 4127.
அந்த எண் திரையில் வரும்வரை
நான் ஒரு குப்பி ரத்தம்.

மூன்று வருடம் மருந்தில்லை.
"பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார் டாக்டர் ஓங்.
அதற்கும் கட்டணம் உண்டு.
பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெள்ளணு இரட்டிக்க
முதலில் பதினாறு மாதம், பிறகு ஒன்பது,
பிறகு ஐந்து.
வட்டிக்கு விட்டவன் சந்தோஷப்படும் கணக்கு.

காதுக்குக் கீழே நெறி கட்டியது.
நெறி என்றால் வழி என்றுதான்
பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.
இது வழியை மறித்து உட்கார்ந்துகொண்ட நெறி.

கடுகளவு வெட்டியெடுத்துச் சாயமிட்டார்கள்.
ஓய்ந்திருக்கும் அணு நீலமாம்,
பிரியத் துடிப்பது பழுப்பாம்.
பழுப்பைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தின் பெயர் கே-ஐ 67.
அறுபத்தேழு, தெம்பனீஸ் தங்கை வீட்டுக்கு
நான் ஏறும் பேருந்து.
நூற்றுக்குப் பதினெட்டு என்றது அறிக்கை.
நான் தூங்கினாலும்
பதினெட்டு பேர் தூங்குவதில்லை.

மாத்திரை தொடங்கிப் பதினைந்தாம் நாள்
எண்பத்து நாலாயிரம்
ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஆனது.
தாதி நூர்ஹயாத்தி தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
இதற்கா இத்தனை வெள்ளி?
மாத்திரை ஒன்றின் விலையை
மங்கையர்க்கரசியிடம் இன்னும் சொல்லவில்லை.

டாக்டர் ஓங் என் கழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.
"ஒளிந்திருந்த இடத்தை விட்டு வெளியே வருகின்றன.
ரத்தத்தில் கொஞ்ச நாள் கூடத்தான் செய்யும்.
புதிதாய்ப் பிறப்பது குறைந்துவிட்டது."

தலையாட்டினேன். நம்பவில்லை.

இருபத்தாறு வருடமாய்ப் பாசிர் பாஞ்சாங்கில்
எந்தக் கொள்கலன் எந்த அடுக்கில் என்று
முடிவு செய்பவன் நான்.
யார்டு பிதுங்கிக் கிடக்கும் நாளில்
சாலை வெறிச்சென்றிருக்கும்.
யார்டு காலியாகும் இரவில்தான்
வாசல்வரை டிரெய்லர், ஹாரன், கெட்ட வார்த்தை.
அந்த இரவுகளில் யாரும் பயந்ததில்லை.
திட்டினோம், அவ்வளவுதான்.

அன்றிரவு வேலைக்குப் போனேன்.
நாலாம் வாசலில் விளக்கெரிய
முப்பத்தொரு டிரெய்லர்கள்.
எண்ணினேன். பழக்கதோஷம்.
ஒவ்வொன்றாய் அவை வெளியேறும்போது
சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன்.
போன மாதம் எட்டாதது
இழுத்துப் பிடித்ததும் மாட்டியது.
கொஞ்சம் நெருக்கியது. கழற்றிவிட்டேன்.

அடுத்த ரத்தம் வியாழன், ஒன்பதே கால்.