ஒரு திருத்தம்

நகரமன்றத்தில் என் வேலை எழுதுவது.
பேசியதை அல்ல, முடிவானதை.
பெருமூச்சுக்குக் குறிப்பேட்டில் இடமில்லை;
வென்டெல் ஓபர்ஸ்ட் தன் கண்ணாடியைக் கழற்றி
இரண்டு மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தாலும்
"உறுப்பினர் வருகை: உண்டு." அவ்வளவுதான்.

மார்ச், இரண்டாம் செவ்வாய்.
வெளியே ஒஹாயோவின் அழுக்குப் பனி
கார் நிறுத்தும் இடத்தின் மூலையில்
யாரும் உரிமை கோராத மூட்டையாகக் கிடந்தது.
பொருள் எண் ஏழு:
பிரதான வீதிக்கு மறுவாழ்வு.

கொலம்பஸிலிருந்து வந்த ஆலோசகர்
திரையில் ஒரு படத்தை விரித்தார்.
நீர்வண்ணத்தில் எங்கள் ஊர்.
நடைபாதை இருமடங்கு அகலம்,
இனிமேல்தான் நடப்போகும் மரங்களுக்கு நாற்பது வயது,
வானம் எங்கள் மார்ச்சுக்குத் தெரியாத நீலம்.
படத்தில் நடந்தவர்களுக்கு
முகம் இல்லை, முழங்கால்வலி இல்லை,
கையில் ஒரு பைகூட இல்லை.
எல்லோரும் எதையோ வாங்கப் போகிறார்கள்,
ஒருவரும் வாங்கித் திரும்பவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்து மால் வந்துதான்
இந்த வீதியைக் குடித்தது.
பிறகு அந்த மாலும் தாகத்தில் செத்தது.
இதுவும் குறிப்பேட்டில் இல்லை.
இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறவளுக்கு
எழுதாமல் விட்டதுதான் அதிகம் நினைவிருக்கிறது.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
வண்டியைச் சாய்வாக நிறுத்துவதா நேராக நிறுத்துவதா
என்பதிலேயே நாற்பது நிமிடம் போயிற்று.
லொரெட்டா ஸ்கிபின்ஸ்கி கேட்டது ஒரு கழிப்பறை.
"அணிவகுப்பு நாளில் மட்டும் வண்டியில் கொண்டுவந்து வைக்கிறீர்கள்,
மற்ற நாளும் வருகிறதே" என்றாள்.
சிரித்தோம். எழுதவில்லை.

கடைசியாக எழுந்தாள்
சலவை நிலையத்து எமினா ஹோஜிச்.
கோட்டில் சோப்புப்பொடி வாசனை.
ஒலிவாங்கியைத் தாண்டி
நேரே படத்தருகே போனாள்.
விரலால் கடைகளை எண்ணினாள்:
முடிதிருத்துபவர், மருந்துக்கடை,
பூட்டிய திரையரங்கு, அடுத்து
தண்ணீர் பட்டதுபோல் விரல் நின்றது.
"இங்கே நீரூற்று இருக்கிறது."
"ஆமாம்!" என்றார் ஆலோசகர், மகிழ்ந்துபோய்.
"இங்கே என் பதினாறு மெஷின்கள் இருக்கின்றன."

ஹீட்டர் மட்டும் பேசியது.
"இது வெறும் கற்பனைச் சித்திரம், அம்மா."
யாருடைய கற்பனை என்று அவள் கேட்கவில்லை.
நான் கேட்டேன், வாய் திறக்காமல்,
பேனாவை இறுக்கியபடி.
அவளுக்கு இன்னும்
இரண்டு நிமிடம் பத்து விநாடி மிச்சமிருந்தது.
அதை நின்றபடியே செலவழித்தாள்.
மணி அடித்ததும் போய் உட்கார்ந்தாள்.

நான்குக்கு மூன்று. நிறைவேறியது.
நான் எழுதினேன்:
"ஊர்வாசி எமினா ஹாட்சிக்
நீரூற்று குறித்து விசாரித்தார்."

பத்தரைக்குக் காரை நோக்கி நடந்தேன்.
வீதி முழுக்க இருட்டு, ஒரு சன்னல் தவிர.
உள்ளே செவிலிச் சீருடையில் ஒருத்தி
நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள்,
மடிப்பு மேசையில் ஒரு பையன் வீட்டுக்கணக்கு போட்டான்,
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
யாருடைய போர்வையோ நுரையோடு புரண்டது.
மறுவாழ்வு என்று நான் பதினோரு முறை எழுதிய வீதியில்
அந்நேரம் தண்ணீர் ஓடியது
அங்கே மட்டும்தான்.

ஏப்ரல் கூட்டம்.
சென்ற மாதக் குறிப்பை ஏற்க முன்மொழிவு.
பின்வரிசையில் ஒரு கை.
"என் பெயர் ஹாட்சிக் இல்லை, ஹோஜிச்.
ஓர் எழுத்தின் தலையில் கொக்கி,
இன்னொன்றின் தலையில் கீற்று."
ஓபர்ஸ்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
முதல்முறையாக அவளைப் பார்த்தார்.
விவாதம் இல்லை.
ஏழுக்குச் சுழியம்.

மன்றக் கணினியில் அந்தக் கொக்கியைத் தேடி
முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு அச்சடித்து
பேனாவால் போட்டேன்.