சும்மா கிடக்கிறது

மூன்றாம் மாடியில் நாற்காலிகளை ஒதுக்கி
பாய் விரித்திருந்தார்கள்.
ஒன்பது பேர். ஆறு தலைகளில் முக்காடு,
இரண்டில் குல்லா,
என் தலை மட்டும் மின்விசிறிக்குத் திறந்து.
மே மாதத்து வேலூர். எதை மூட.

ராணிப்பேட்டையில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள் நான்.
பதினோரு வருஷம்.
அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று
பார்த்த மாத்திரத்தில் சொல்வேன்.
கட்டுப் பிரித்த அன்று
கண்ணாடியில் முதலில் அதைத்தான் எண்ணினேன்.
நல்ல கை. ஒரே சீர்.
கக்கத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் இழுத்திருக்கிறது;
எங்கள் சூப்பர்வைசர் என்றால் திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த இழுப்புதான் இப்போது
இடது கையைத் தோளுக்கு மேல் விடுவதில்லை.

"வலிக்கிற இடத்துக்கு முன்னாலேயே நில்லுங்க,
அங்க நின்னு மூச்சு விடுங்க" என்கிறார் ஜெமிமா.
இது நோயைத் தீர்க்காது என்பதையும்
முதல் நாளே சொல்லிவிட்டார்.
அதனால்தான் வருகிறேன்.
தீர்ப்பேன் என்றவர்களிடம் ஏற்கெனவே
ஒரு ஜோடிக் கம்மல் போயாயிற்று.

பக்கத்துப் பாயில் ஷெஃபாலி.
மால்டாவிலிருந்து இரண்டு ராத்திரி ரயில்,
காட்பாடியில் இறங்கி
லாட்ஜில் நாற்பது நாள்.
அவளுக்குத் தமிழில் தெரிந்தவை
தண்ணி, எவ்ளோ, ஊசி.
அவள் பாஷையில் எனக்கு அதுவும் இல்லை.
இழுக்கும் மூச்சுக்கு அவள் விரல் மடக்குவாள்,
விடும் மூச்சுக்கு நான்.
மூன்றாவது கீமோவுக்கு அப்புறம்
நாலைத் தாண்டவில்லை எங்கள் கணக்கு.

கடைசியில் மல்லாந்து படுக்கச் சொல்வார்.
சவாசனம்.
பேரைக் கேட்டதும்
குடியாத்தத்து விஜயகௌரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்:
"ஏன் மேடம், வேற பேரே கிடைக்கலியா?"
சிரிப்பு. தையல் இழுக்கும் என்று
மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்,
பிடிக்க இருந்தவர்களும் இல்லாதவர்களும்.
யாரோ கழுத்தைச் சாய்த்து நாக்கை நீட்டி
ஷெஃபாலிக்கு மொழிபெயர்த்தார்கள்.
அவள்தான் நிறுத்தவே இல்லை.

அன்றிலிருந்து அதற்குப் பேர் சும்மா கிடக்கிறது.
லேசான வேலை இல்லை அது.
கரண்ட் போய் மிஷின் நின்ற நேரத்தில்கூட
நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கை இது.
பாய்மேல் அது கிடப்பதை
வேறு யாருடையதையோ போலப் பார்ப்பேன்.

நேற்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம்.
ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்,
பரவாயில்லை என்றேன்.
தலைக்கு மேலே கம்பி.
இடது கையைத்தான் தூக்கினேன்.
இன்னும் நாலு விரற்கடை.
எட்டாத அந்த இடத்துக்கு முன்னாலேயே
கையை நிறுத்தி,
வலக்கையால் சீட்டின் முதுகைப் பிடித்தபடி
விஷாரம் தாண்டி, ஆற்காடு தாண்டி,
பாலாற்றுப் பாலம் வரைக்கும்
மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.
கண்டக்டர் கேட்டார்,
"என்னம்மா, இறங்கணுமா?"