எடை மேடை

மார்ச் இரண்டாம் வாரம்.
வெர்மான்ட்டில் இதற்குச் சேற்றுப் பருவம் என்று பெயர்.
பனி உருகி, இறுகி, மறுபடி உருகி
என் கார் பாதிச் சக்கரம் புதைந்து வாசலில் நிற்கிறது.
சோபாவில் நான். மடியில் கணினி.
இன்றைக்கு முப்பத்தெட்டுக் கோப்புகள்,
ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
குன்றின்மேல் இருக்கும் எங்கள் சின்னக் கலைக் கல்லூரியின் கதவைப்
பதினோராயிரம் பேர் தட்டியிருக்கிறார்கள்.
விடுதியில் புதியவர்களுக்குக் கட்டில்கள்
நானூற்று அறுபது.

காலையிலிருந்து
மூன்று பேர் தூர தேசத்தில் கிணறு வெட்டிவிட்டார்கள்.
ஒருத்தி செல்லோ வாசித்தே துக்கத்தைக் கடந்தாள்.
ஒருவன் தோல்வியிடம் பாடம் கற்றிருந்தான்,
தோல்வி என்பது தொண்ணூற்றிரண்டு மதிப்பெண்.
கிண்டல் செய்யவில்லை.
இல்லாத பணிவைப் பதினேழு வயதில்
ஐந்நூறு சொற்களுக்கு இழுத்தவள்தான் நானும்.

இருபத்தாறாவது கோப்பு: லைல் ப்ரூசோ.
கனடா எல்லைக்கு ஒன்பது மைல் இந்தப் பக்கம்.
தந்தையின் தொழில் என்ற கட்டத்தில்
'தெரியாது' என்று எழுதவில்லை,
'கேட்டதில்லை' என்று எழுதியிருந்தான்.
செயல்பாடுகளுக்குப் பத்துக் கட்டங்கள், ஒன்பது காலி.
முதல் கட்டத்தில்:
சனி, ஞாயிறு. ஊர்க் குப்பைக் கிடங்கு. எடை மேடை.

கட்டுரை இப்படிப் போனது.

'வண்டி உள்ளே வரும்போது ஒரு எடை எழுதுவேன்,
வெளியே போகும்போது ஒன்று.
கழித்தால் வருவது அவர்கள் விட்டுவிட்டுப் போனது.
நவம்பரில் மிஸஸ் கில்ஃபெதர் வந்தார்.
கணவரின் ஊன்றுகோல், ஒரு பை சட்டைகள்.
இருபது பவுண்டுக்குக் கீழே எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.
பூஜ்யம் என்று ரசீது அடித்துக் கொடுத்தேன்.
அவர் அதை நான்காக மடித்துக்
கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.'

அவ்வளவுதான். பாடம் எதுவும் சொல்லவில்லை.
அனுமதித்ததில் பாதிச் சொற்கள் மீதமிருந்தன.
திரை தானாக மங்கும்வரை
நான் அடுத்த கோப்பைத் திறக்கவில்லை.

குழு அறை. நீள மேஜை, ஏழு பேர்,
கிண்ணத்தில் பாதாம், யாரும் தொடாதது.
'கால்குலஸ் படிக்கவில்லையே' என்றார் ஹாலிஸ்.
அந்தப் பள்ளியில் கால்குலஸே இல்லை என்றேன்.
'அது தெரியும், வந்த பிறகு என்ன செய்வான்?'
ஹாலிஸ் கெட்டவர் இல்லை.
போன வருடம் ஒரு பெண்ணுக்காக
இதே மேஜையில் குரல் உடைந்தவர்.
நான் ரசீதைப் பற்றிச் சொன்னேன்.
பிறகும் சொன்னேன்.
அதிகம் பேசிவிட்டேன் என்று
மூன்றாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்தது,
ஆனாலும் நிறுத்த வரவில்லை.
மூன்று கைகள் மேலே. நான்கு மேஜைமேல்.
காத்திருப்போர் பட்டியல்:
இல்லை என்பதற்கு
நாங்கள் போட்டுவிடும் கோட்டு.

ஜூன் பதினொன்று.
யாரோ ஒருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்.
ஒரு கட்டில் காலி.
எண்ணை நானே அழுத்தினேன்.

'ஒரு நிமிஷம் மேடம், மேடைல வண்டி நிக்குது.'
காத்திருந்தேன்.
பின்னோக்கி வரும் லாரியின் கூவல்,
கடற்காகங்கள் (இவ்வளவு உள்நாட்டில் ஏன்?),
யாருக்கோ ஓர் எண்ணை உரக்கச் சொல்லும் அவன் குரல்.
கட்டுரையில் கேட்டதைவிடச் சின்னக் குரல்.
திரும்பி வந்தான்.
மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

சத்தமில்லை.
பிறகு, 'யாரு விட்டுட்டுப் போனாங்க?'
சொல்லக் கூடாது என்றேன்.
'சரி. எவ்வளவு குடுப்பீங்க?'
உதவித்தொகையைச் சொன்னேன்.
மெதுவாக இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.
பென்சில் உரசுவது கேட்டது.
'சாப்பாடு இதுலயா, தனியா?'
தனி என்றேன்.
என் வாழ்நாளில் அந்தச் சொல்
அவ்வளவு கனமாக விழுந்ததில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும் என்றேன்.
'வெள்ளி எனக்கு வேலை இருக்கு.
கழிச்சுப் பார்த்துட்டு வியாழனே சொல்றேன்.'

இன்று புதன்.
மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன்,
தொலைபேசியை நடுவில்.
பாதாம் இரண்டு தின்றேன். காறல்.