எனக்கு ஆயிரம்

கரண்டு போனதும் முதலில் அப்பாதான் சொல்லணும்.
அது அம்மா போட்ட சட்டம்.
மின்வாரியத்து ஆளைக் கடைசியில் சொல்ல விட்டால்
களவாண்டுருவாரு என்பாள்.

"எனக்கு முந்நூறு" என்பார், இருட்டுக்குள்ளிருந்து.
முந்நூறு எண்ணும்போது வெளிச்சம் வரும் என்று அர்த்தம்.
மாசானத்துக்கு எண்ணத் தெரியாது, அவனுக்கு பஸ்தான் கணக்கு.
"ரெண்டு பஸ்."
முக்கூடல் பாலத்தில் ஏறும்போது அடிக்கிற ஹாரன்
எங்கள் ஜன்னல் வரைக்கும் வரும்.
அம்மாவுக்குப் பீடி.
"நாப்பது பீடி" என்று சொளகை மடிக்கு இழுத்துக்கொள்வாள்.
அவள் விரலுக்கு விளக்கு வேண்டாம்.
இலை மடங்கும், நூல் சுற்றும், பட்டென்று அறும்.

எண்ணுகிறவள் நான்.
சத்தமாக, எல்லாருக்கும் சேர்த்து.

கரண்டு வந்த பிறகுதான் சண்டை ஆரம்பம்.
அது பஸ்ஸே இல்லை, செங்கல் லாரி என்பேன்.
நீ எண்பத்தேழை முழுங்கிட்டே என்பான்,
எண்ணத் தெரியாதவன்.
அம்மா சொளகில் எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது,
ஒன்று அப்பாவின் காதில் இருக்கும்.
ஜெயித்தவருக்கு அன்றைக்கு
ஃபேனுக்கு நேர் கீழே படுக்கை.

அப்பா அங்கே படுத்ததில்லை.
பாப்பாக்குடிப் பக்கம் ஜம்பர் கட்டானது தெரிந்தும்
"ஐம்பது" என்று சொல்லியிருக்கிறார்.
அது எனக்குத் தெரிய வருஷமானது.

ஆடிக்காற்றில் ஆட்டம் பாதியில் ஆள் வரும்.
"உச்சிமாகாளி அண்ணே."
கயிறு, கட்டிங் பிளேயர்,
பெருவிரலில் ஓட்டை விழுந்த ரப்பர் கையுறை.
சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டே
"முப்புடாதி, எனக்கு ஆயிரம். விடாம எண்ணு."

தொளாயிரத்துக்கு மேல் மெதுவாகத்தான் போவேன்.
தொண்ணூற்றெட்டு சொல்லிவிட்டு
அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து
தொண்ணூற்றொன்பது.
எங்கேயோ ஒரு போஸ்ட்டின் உச்சியில்
அப்பா என் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைப்பு.

ஒரு ராத்திரி ஆயிரம் தாண்டியது.
மாசானத்தின் கடைசி பஸ்ஸும் பாலம் ஏறிப் போனது.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறில்
நூல் அறுகிற சத்தம் நின்றது.
"எண்ணாதட்டி" என்றாள் அம்மா.
எண்ணினேன், வாய்க்குள்.

கரண்டு வந்தது. எந்த எண்ணில் என்று
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
அம்மாவின் விரலில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.
ஃபேன் வெறும் தரைக்குச் சுற்றியது.

விடிகிற நேரம் வந்தார்.
வலது கையில் யாருடைய துண்டோ சுற்றியிருந்தது.
சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் முன்னே கேட்டார்,
"யாருட்டி ஜெயிச்சா?"

"நீங்கதான்."

பட்டப்பகலில், ஃபேனுக்கு நேர் கீழே,
துண்டுக் கையை நெஞ்சின் மேல் வைத்துத் தூங்கினார்.
ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா.
மாசானம் பாயின் ஓரத்தில் இடம் கேட்டு அழுதான்.

அவன்தான் போன ஆவணியில் இன்வெர்ட்டர் வாங்கி வைத்தான்.
கரண்டு போவதே தெரிவதில்லை.
ஃபேன் ஒரு தடவை மூச்சுப் பிடித்து விடும், அவ்வளவுதான்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு மூச்சு.
அப்பா எழுந்தார்.
முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து
இரண்டு விரல் மடங்காத கையால்
இன்வெர்ட்டர் சுவிட்சை அமுக்கினார்.

என் மகன் அலறினான்.
அம்மா சொளகுக்குத் துழாவினாள்,
பீடியை விட்டு ஆறு வருஷம் ஆனது மறந்து.
"எனக்கு எழுபது" என்றார் இருட்டுக்குள்ளிருந்து.

ஒண்ணு, ரெண்டு என்று நான் தொடங்கிவிட்டேன்.
மாசானம்தான் முனகினான்:
"இந்த நேரத்து பஸ்ஸை ஓட்டுறதே நான்தான்,
இன்னைக்கு லீவு.
நான் எதை வச்சுச் சொல்ல?"